மலைக்குப் போகாதீங்க, பாறைக்குப் போங்க

"திருச்சியைச் சுத்தி வண்டித் தொல்லை இல்லாம, கொஞ்சம் ஏத்த இறக்கமா சைக்கிள் ஓட்ட எந்த ரோடு நல்லாருக்கும்?" ஒரே மாசத்துல மூணு பேர் கேட்டுட்டாங்க. போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதியே வெச்சிடலாம்னு. ஆனா எழுத உக்காந்தா விஷயம் வேற எங்கயோ போகுது. பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல கேட்ட கேள்விக்குப் பதில். ஸ்ரீரங்கத்துல இருந்து கிளம்புறவங்களுக்குப் பழகின ரோடு ரெண்டு. கிழக்கே திருவானைக்காவல்ல இருந்து காவிரி வடகரையிலேயே பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடுன்னு கல்லணை வரைக்கும் போறது ஒண்ணு. மேற்கே முக்கொம்பு இன்னொண்ணு. ரெண்டும் சமதரை, வாழைத்தோப்பு, ஆத்துக்காத்து. ஒரு சூட்சுமம் சொல்றேன். ஆனி, ஆடியில மேல்காத்து பேய் மாதிரி அடிக்கும். அந்த மாசங்கள்ல முக்கொம்பு பக்கம் போங்க. விடிகாலை காத்து அடங்கியிருக்கும்போது எதிர்த்துப் போயிட்டா, வரும்போது காத்தே தள்ளிக்கிட்டு வரும். கல்லணைப் பக்கம் போனீங்கன்னா போறது சுகம், வர்றது நரகம். நான் ஒரு தடவை உத்தமர்சீலியில இறங்கித் தள்ளிக்கிட்டே வந்தேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

மலைன்னா உடனே எல்லாரும் சொல்றது கொல்லிமலை. காரவள்ளியில இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. சைக்கிள்காரனுக்கு அது ஒரு சபலம்தான், மறுக்கல. ஆனா சனி, ஞாயிறுல பைக் கூட்டம் வளைவுக்கு வளைவு சாய்ஞ்சு வரும்போது நமக்குக் குலதெய்வம் ஞாபகத்துக்கு வந்துடும். அதுக்குப் பச்சைமலை தேவலை. துறையூர்ல இருந்து சோபனபுரம் வழியா டாப் செங்காட்டுப்பட்டி ஏறணும். மேல மரவள்ளிக்கிழங்குக் காடு, முந்திரி, மலையாளிப் பழங்குடி மக்களோட ஊருங்க, அமைதின்னா அமைதி. ஆனா கியர் இல்லாத சைக்கிள்ல ஏற முடியாது. இறங்கும்போது பிரேக்கை விடாம அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தா ரிம் கொதிச்சுப் போயிடும். விட்டு விட்டுப் பிடிக்கணும்.

நான் சொல்ல வந்தது இது எதுவும் இல்ல. தெக்கே, புதுக்கோட்டை மாவட்டத்துப் பாறைங்க. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர். மலைன்னு பேரே தவிர பெரிய உயரம் கிடையாது. பொட்டல் காட்டுல யானை படுத்த மாதிரி கருங்கல் குன்றுங்க. ரோடு அதுங்களைச் சுத்திச் சுத்தி ஏறி இறங்கிப் போகும். எந்த ஏத்தமும் மூச்சை நிறுத்தாது, எந்த இறக்கமும் பயமுறுத்தாது. கண்மாய், புளியமரம், ஆட்டுக்கிடை. நார்த்தாமலையில விஜயாலய சோழீச்சரம், பாறை மேல தனியா. சித்தன்னவாசல்ல ஏழடிப்பட்டத்துக் கல்படுக்கைங்க, குகைக்குள்ள தாமரைக்குளம் ஓவியம். குடுமியான்மலைப் பாறையில இசைக் கல்வெட்டு. நடுவுல டீக்கடை. இதுக்கு மேல என்னங்க வேணும்?

ஒரே கஷ்டம், அங்க போய்ச் சேர்றது. காலையில நாலே முக்காலுக்குக் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, ஊரைக் கடந்து, ஏர்போர்ட்டையும் தாண்டி விடியறதுக்குள்ள கீரனூர் ரோட்டைப் பிடிச்சுடணும். கீரனூர் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கணும். அப்புறம் சொர்க்கம்.

சொர்க்கமா இருந்துச்சுன்னு சொல்லணும்.

அன்னவாசல் பக்கத்துல ஒரு கிராமத்துல என் பெரியம்மா இருக்காங்க. அவங்க சைக்கிள் கத்துக்கிட்டது 1992ல, முப்பது வயசுல. அந்தக் கதை உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்போ, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோட சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்குடுக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. 1992 மார்ச் 8 மகளிர் தினத்துல ஆயிரத்து ஐநூறு பெண்கள் சைக்கிள்ல புதுக்கோட்டை டவுனுக்குள்ள வந்தாங்க. மாவட்டம் முழுக்க லட்சத்துக்கு மேல பெண்கள் கத்துக்கிட்டாங்க. பி.சாய்நாத் இதை எழுதி, அது வடக்கே எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்துல வந்துச்சு. நம்ம பசங்களுக்குத் தெரியாத புதுக்கோட்டைக் கதை லக்னோ பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, என்னத்தைச் சொல்ல!

லேடீஸ் சைக்கிள் கிடைக்காம நிறைய பேர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்களாம். பெரியம்மாவும் அப்படித்தான். "பார்ல சின்னவனை உக்கார வெச்சுக்குவேன், பின்னாடி கேரியர்ல தண்ணிக்குடம். உங்க பெரியப்பா பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல நான் சந்தைக்குப் போயிட்டு வந்துருவேன்" அப்படின்னு இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.

அவங்க கத்துக்கிட்டது மைதானத்துல இல்ல, ரோட்டுல. விழுந்தா பின்னாடி வந்து ஏத்த எதுவும் வராதுங்கிற தைரியம். ஒரு ரோடு காலியா இருந்ததால ஒரு மாவட்டத்துப் பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்கன்னு சொன்னா அது மிகைதான். இயக்கம் இல்லாம எதுவும் நடந்திருக்காது. ஆனா இன்னைக்கு அதே இயக்கத்தை அதே ரோட்டுல நடத்த முடியுமான்னு கேட்டா, முடியாதுங்கிறதுதான் என் பதில்.

காரணம் டிப்பர் லாரி. அந்தப் பாறைங்க சோழனுக்கும் பாண்டியனுக்கும் கோயிலாச்சு, நமக்கு ஜல்லியும் எம்-சாண்டுமா ஆகுது. குவாரி, கிரஷர், வரிசையா டிப்பர். ஆத்து மணலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் பாறையை அரைக்கிறது கூடிப்போச்சு. அதாவது நம்ம காவிரி, கொள்ளிடத்துல அள்ளாத மணலுக்குப் பதிலா அங்க மலை குறையுது. யோக்கியன் மாதிரி பேசறேனேன்னு நினைக்காதீங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் மாடி எடுத்தப்போ வந்து இறங்கினதும் எம்-சாண்ட்தான். அது எந்தப் பாறைன்னு நான் கேக்கல.

பெரியம்மாவோட பேத்தி பதினொண்ணாவது படிக்குது. அரசாங்கத்துல குடுத்த சைக்கிள் இருக்கு. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். அந்தப் புள்ள ஷேர் ஆட்டோவுல போகுது, சைக்கிள் மாட்டுக்கொட்டாய்ல சாத்தி நிக்குது. "லாரி போற ரோட்டுல பொட்டப்புள்ளைய எப்படி விடறது" அப்படிங்கிறார் பெரியப்பா. பாட்டி ஓட்டின ரோட்டுல பேத்தி ஓட்ட முடியல. அந்த சைக்கிளைப் பார்த்துட்டு வந்த நாள்லேர்ந்துதான் எனக்கு இந்த "அமைதியான ரூட்" லிஸ்ட் போடறதுல ஒரு கூச்சம் வந்துடுச்சு. நான் மாசத்துக்கு ஒரு தடவை போய் அனுபவிச்சுட்டு வர்ற அமைதி அவங்களுக்குத் தினமும் தேவைப்படுது.

ரோட்டை அகலப்படுத்தாதீங்க, புளியமரத்தை வெட்டாதீங்கன்னு பெரியம்மாகிட்ட ஒரு பிரசங்கம் பண்ணிப் பார்த்தேன். "ஏண்டா, உனக்கு ரோடு சும்மா கிடக்கணும், எனக்கு பஸ் வர வேணாமா? பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்போ 108 வந்துச்சே, அது எந்த வழியா வந்துச்சுன்னு நெனச்சே?" வாயை மூடிக்கிட்டேன். சரியான அடி.

அதனால இப்ப என் கட்சி மாறிப்போச்சு. வண்டியே வரக்கூடாதுன்னு சொல்லல. எவ்வளவு வேகத்துல, எந்த நேரத்துல வருதுங்கிறதுதான் கேள்வி. இங்கிலீஷ் கால்வாய்ல ஜெர்சின்னு ஒரு குட்டித் தீவு. அங்க கிராமத்துச் சின்ன ரோடுங்களைப் 'பச்சைச் சந்து'ன்னு அறிவிச்சிருக்காங்க. கார் போகலாம், ஆனா மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது. நடக்கிறவனுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும்தான் முன்னுரிமை. நம்ம ஊருல அந்த போர்டு வெச்சா மறுநாளே அதுல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிடுவாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா டவுனுக்குள்ள லாரிக்கு நேரக் கட்டுப்பாடு போட நமக்குத் தெரியுதுல்ல? டவுன்காரன் ஆபீஸ் போற நேரத்துல லாரி வரக்கூடாதுன்னா, கிராமத்துப் புள்ள பள்ளிக்கூடம் போற நேரத்துக்கு மட்டும் ஏன் வரலாம்? காலையில எட்டுலேர்ந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலுலேர்ந்து அஞ்சரை. குவாரி ரோடுங்கள்ல அந்த மூணு மணி நேரம் டிப்பர் நிக்கட்டும். பஸ் வரட்டும், 108 வரட்டும். கிரஷர்காரருக்கு மூணு மணி நேரம் நஷ்டம்தான், இல்லைங்கல. இலவசமா சைக்கிள் குடுக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, அதை ஓட்ட மூணு மணி நேரம் ரோட்டைக் குடுக்கறது பெரிய விஷயமா?

பெரிய வண்டி நின்னா என்ன ஆகும்னு நாமளே பார்த்திருக்கோம். 2022 செப்டம்பர்ல காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக பஸ், கார் போகாம மூடினாங்க. சுத்திப் போகணுமேன்னு ஊரே திட்டுச்சு, நானும் திட்டினேன். ஆனா அந்த முதல் வாரம் பாலத்து நடுவுல சைக்கிளை நிறுத்தினப்போ கீழ தண்ணி ஓடற சத்தம் கேட்டுச்சு. இத்தனை வருஷம் அந்தப் பாலத்துல போய் வந்திருக்கேன், அந்தச் சத்தம் காதுல விழுந்ததே இல்ல.

சரி, ரூட் கேட்ட நண்பர்களே, பாறைப் பக்கம் தாராளமா போங்க. ஞாயித்துக்கிழமை போங்க, டிப்பர் ரொம்பக் குறைவு. கும்பலா போய் கத்தாதீங்க. தண்ணி பாட்டிலைக் கண்மாய்ல போடாதீங்க. டீயை உள்ளூர்க் கடையில குடிங்க.

வர்ற ஞாயிறு நான் போறேன். பேத்தி என்கூட சித்தன்னவாசல் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வர்றதுக்கு ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பெரியப்பாகிட்ட அனுமதி வாங்கியாச்சு. கொட்டாய்ல நின்னு நின்னு அந்த சைக்கிளுக்கு டியூப் ரெண்டும் போயிருக்காம். சனிக்கிழமை சத்திரம் பக்கம் போய் ரெண்டு டியூப்பும் ஒரு செட் பிரேக் கட்டையும் வாங்கணும்.