வீட்டில் குரல் பதிவு: மைக் வாங்குவோரும் விற்போரும் கவனத்திற்கு

பதுளை பஸார் வீதியில் இன்று ஒரு புடவைக் கடையோ பாதணிக் கடையோ புதிதாகத் திறக்கப்பட்டால், துண்டுப் பிரசுரம் அச்சடிப்பதோடு விளம்பர வேலை முடிந்துவிடுவதில்லை. முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி, பசறை, லுணுகலை, ஹாலி-எல, தெமோதரைப் பக்கத் தோட்டங்களுக்குக் கடையின் குரலை அனுப்ப வேண்டியிருக்கிறது. அதே குரல் வட்ஸ்அப் குழுமங்களிலும் பேஸ்புக் வீடியோவிலும் போகிறது. பாண் விற்கும் முச்சக்கர வண்டிக்கு பேத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்' மெட்டு ஒன்றே போதும். சந்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். புடவைக் கடைக்கு அது போதாது. சேலை என்ன விலை, கழிவு எத்தனை வீதம், எந்தத் திகதி வரை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சம்பள நாளுக்கு முந்திய தினம் லயத்துக்குப் போய்ச் சேரும் அறிவித்தல் கரகரவென்றிருந்தால், நீங்கள் குறைத்த விலை யாருக்கும் விளங்காது. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்த காதுகள் மலையகத்தவர்களின் காதுகள். குரலில் உள்ள பிசிறை அவை உடனே கண்டுகொள்ளும்.

ஒவ்வொரு முறையும் ஒலிப்பதிவு நிலையத்தைத் தேடிப் போவதும் கட்டுபடியாகாது. நோன்புப் பெருநாள், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, பாடசாலை ஆரம்பம் என்று வருடத்தில் நாலைந்து தடவையாவது அறிவித்தலை மாற்ற வேண்டும். ஆகவே எமது வியாபாரிகள் சிலர் வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். தோட்டப்புற இளைஞர் யுவதிகளும் பாட்டு, கவிதை, கடை விளம்பரம் என்று குரலை வைத்து நாலு காசு பார்க்க முயல்கிறார்கள். இரண்டுமே வரவேற்கத்தக்கவை. இவர்கள் கடைக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குறைந்த விலையில் நல்ல மைக் எது? அதற்குக் கடைகளில் கிடைக்கும் பதில்தான் இந்த வாரம் என்னை இதை எழுதத் தூண்டியது.

அந்தப் பதில் பெரும்பாலும் ஒரு பெட்டி. பிஎம்-800 என்று சொல்லப்படும் சீனத் தயாரிப்பு கண்டென்சர் மைக், மேசையில் பூட்டும் மடக்குக் கை ஸ்டேண்ட், வாய்க்கு முன்னால் மாட்டும் வட்டத் துணி, ஒரு கேபிள், எல்லாம் ஒரே பெட்டிக்குள். பார்வைக்கு வானொலி நிலையத்தில் இருப்பதைப் போலவே இருக்கும். விலையும் கைக்கு அடக்கமானது. இதை மோசடிப் பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. எமது பிரதேச வீடுகளுக்கு அது பொருந்தாது என்பதே எனது வாதம்.

சில மாதங்களுக்கு முன் நகரத்துக் கடையொன்றில் நின்றிருந்தேன். கடையின் பெயர் இங்கே அவசியமில்லை. பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த தம்பி ஒருவர் இந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டு வந்திருந்தார். "முதலாளி, போன்ல சத்தமே விழல்லீங்க" என்றார். கடைக்காரர் தனது கணினியில் சொருகிப் பார்த்தார். சத்தம் விழுந்தது, கூடவே இரைச்சலும் விழுந்தது. "மைக்ல பிழை இல்ல தம்பி, உங்கட போன்லதான் பிழை" என்று பெட்டியை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். மைக்கில் பிழையில்லை என்பது சரி. போனிலும் பிழையில்லை. கையடக்கத் தொலைபேசியின் துளை நான்கு தொடுகை உள்ள பிளக்கை எதிர்பார்க்கிறது. பெட்டியில் வரும் கேபிளின் பிளக்கில் மூன்றுதான் இருக்கும். இடையில் ஒரு சிறிய மாற்றி வயர் போட்டால் போன் மைக்கைக் கண்டுகொள்ளும். அதைச் சொல்ல அங்கே ஆளிருக்கவில்லை.

மாற்றி வயர் போட்டாலும் பிரச்சினை முழுமையாகத் தீராது. கண்டென்சர் மைக் வேலை செய்ய மின்சாரம் வேண்டும். ஒலிப்பதிவு நிலையங்களில் அதற்கு 48 வோல்ட் கொடுக்கிறார்கள். அதே கேபிள் வழியாகவே அது போகிறது, பெயர் பேன்டம் பவர். போனிலோ கணினியின் சிறு துளையிலோ வருவது சில வோல்ட் மாத்திரமே. மைக் அரை உயிரோடு கிடக்கும். குரல் மெலியும், இரைச்சல் மேலே வரும். 48 வோல்ட் கொடுக்கும் கருவியைத் தனியாக வாங்கினால் பெட்டியின் மலிவு போய்விடும்.

அப்படி 48 வோல்ட்டும் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான தொல்லை ஆரம்பமாகிறது. கண்டென்சர் மைக்கின் சிறப்பு அதன் கூர்மையான காது. அந்தக் கூர்மை அமைதியான, ஒலி தடுத்த அறைக்காகச் செய்யப்பட்டது. எமது வீடுகள் எப்படிப்பட்டவை? தகரக் கூரை, சீமெந்துத் தரை, வெறும் சுவர். லயன் அறையென்றால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் உங்கள் அறையில்தான் பேசும். பதுளைக்குப் பெரிய மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. அதற்கு முன்னரே ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி மழை தொடங்கிவிடும். தகரத்தில் விழும் தூறலைக்கூட அந்த மைக் பக்குவமாகப் பதிந்து தரும். நாய், காகம், பள்ளத்தில் இறங்கும் பஸ்ஸின் பிரேக், சுவரில் பட்டுத் திரும்பும் உங்கள் குரலின் எதிரொலி, எல்லாமே சேலை விலையோடு சேர்ந்து வரும்.

எனவே எனது சிபாரிசு டைனமிக் மைக். மேடையில் பாடகர்கள் கையில் பிடிப்பார்களே, அந்த வகை. அதற்கு மின்சாரம் தேவையில்லை. காது சற்று மந்தம். அந்த மந்தம்தான் எமக்கு இலாபம். வாய்க்கு அருகில் இருப்பதைக் கேட்கும், தூரத்தில் உள்ளதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. "அது மேடை மைக், பதிவுக்குச் சரிவராது" என்று கடைகளில் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஷுவர் நிறுவனம் 1966இல் வெளியிட்ட எஸ்எம்58 மைக்கின் பெயரிலுள்ள எஸ்எம் என்ற எழுத்துகளே 'ஸ்டூடியோ மைக்ரோஃபோன்' என்பதன் சுருக்கம்தான். 1982இல் வெளியான மைக்கல் ஜக்சனின் 'த்ரில்லர்' இசைத்தட்டில் அவரது குரலைப் பதிவு செய்யப் பயன்பட்டது அதே நிறுவனத்தின் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக். உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டு அது. பஸார் வீதிக் கழிவு விற்பனை அறிவித்தலுக்கு டைனமிக் போதாது என்றால் நான் என்ன சொல்ல?

விலை விடயத்துக்கு வருவோம். எஸ்எம்58 அமெரிக்காவில் சுமார் 100 டொலர். டொலர் 300 ரூபா என்று கணக்கிட்டாலும் வரியும் கப்பல் கூலியும் நீங்கலாக 30,000 ரூபா. 2024இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் இது 22 நாட் கொழுந்துக்குச் சமம். ஒரு தோட்டத் தம்பியிடம் இதை வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 போன்ற மலிவான டைனமிக் மைக்குகள் அங்கே 25 டொலருக்குள் அடங்குகின்றன. அது ஐந்தாறு நாட் கூலி. பேச்சுக் குரலுக்கு அது தாராளம். அதைவிட மலிவான வழியும் உண்டு. பழைய அம்ப்ளிபயரோடு வாங்கிய நல்ல மைக் ஒன்று பல கடைகளின் அலுமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். முதலில் அதை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

எஸ்எம்58 பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள். போலிகள் அதிகம் என்று அந்த நிறுவனமே எச்சரித்து வருகிறது. வியாபாரிகளான எமக்கு ஓர் இலகுவான சோதனை இருக்கிறது. அசலின் நிறை 298 கிராம். கடைத் தராசில் வையுங்கள். கணிசமாகக் குறைந்தால் கையை எடுத்துவிடலாம். நிறை சரியாக இருப்பதால் மட்டும் அசல் என்று நம்பிவிடவும் வேண்டாம்.

டைனமிக் மைக்கிலும் ஒரு குறை உண்டு. அதிலிருந்து வரும் மின்சமிக்ஞை மிகச் சிறியது. போனில் நேரே சொருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். பெருக்கித் தரும் ஓடியோ இன்டர்பேஸ் ஒன்று வேண்டும். பிஹ்ரிங்கர் யூஎம்2 போன்ற சிறியவை போதும். அந்தச் செலவையும் தவிர்க்க விரும்புவோருக்கு யூஎஸ்பி துளையும் எக்ஸ்எல்ஆர் துளையும் சேர்ந்தே உள்ள டைனமிக் மைக்குகள் இருக்கின்றன. சாம்சன் க்யூ2யூ அவ்வகையைச் சேர்ந்தது. இன்று கணினியில் நேரே சொருகலாம், பொருத்தமான வயர் இருந்தால் போனிலும் சொருகலாம். நாளை வியாபாரம் வளர்ந்து இன்டர்பேஸ் வாங்கினால் அதே மைக் அங்கும் போகும். வீட்டுக்கு ஒன்றுதான் வாங்குவது என்றால் நான் இந்த வகையைத்தான் வாங்கச் சொல்வேன்.

இனி ஸ்டேண்ட். எல்லோரும் மைக்குக்காக மணிக்கணக்கில் பேரம் பேசிவிட்டு, ஸ்டேண்டைக் கொசுறாக வாங்குகிறார்கள். டைனமிக் மைக் வாயிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், மழைச் சத்தமோ அதே அளவில் நிற்கும். தூரம் மாறினால் குரலின் கனமும் மாறும். நெருங்கினால் அடித்தொண்டை கூடி ஒலிக்கும். கையில் பிடித்துப் பதிவு செய்தால் ஒரு வசனம் கனமாகவும் அடுத்தது மெலிவாகவும் போவது இதனால்தான். விரல் உரசும் சத்தம் வேறு.

பெட்டியோடு வரும் மடக்குக் கை பாரமான மைக்கைத் தாங்காது. பதிவின் நடுவே மெல்லத் தலை குனியும். மேசை விளிம்பில் பூட்டுவதால் மேசையில் விழும் ஒவ்வொரு தட்டும் மைக்குக்குப் போகும். சிறிய மேசை முக்காலியிலும் இதே கதை. அதோடு ஆள் குனிந்து பேச வேண்டும், குனிந்தால் மூச்சு அடைபடும். தரையில் நிற்கும் ஸ்டேண்டே சிறந்தது, நின்றுகொண்டு பேசலாம். முக்காலி ஸ்டேண்ட் வாங்குவதாயின் உயரத்தை இறுக்கும் பிடி பிளாஸ்டிக்கா இரும்பா என்று பாருங்கள். முதலில் உடைவது அதுதான். குறுக்குத் தடி நீட்டியிருக்கும் பக்கமாக ஒரு காலை வையுங்கள், இல்லாவிட்டால் முழுதும் கவிழும். வட்ட இரும்பு அடி உள்ளது இன்னும் நல்லது. இதையும் தராசில் வைத்தே வாங்கலாம். பாரம் கூடியது சிறந்தது, அவ்வளவுதான்.

காசில்லாதவர்கள் ஸ்டேண்டை வாங்கவே தேவையில்லை. மைக்கைப் பிடிக்கும் கிளிப்பின் அடியில் 5/8 அங்குல மரை இருக்கும். அதற்குள் 3/8 அங்குல மரையுள்ள சிறிய உலோக மாற்றி ஒன்றைப் போட்டே அநேகமாக விற்கிறார்கள். 5/8 மரை நுணுக்கமானது, அங்குலத்துக்கு 27 சுற்று, எமது லேத் கடைகளில் இலகுவில் வெட்ட மாட்டார்கள். 3/8 மரையோ அங்குலத்துக்கு 16 சுற்று. அது இரும்புக் கடையில் கிடைக்கும் சாதாரண விட்வேர்த் போல்ட். நெஞ்சளவு ஜீஐ குழாயின் தலையில் அந்தப் போல்ட்டை வெல்டிங் செய்து, அடியைப் பழைய பெயின்ட் வாளிக்குள் வைத்து சீமெந்து ஊற்றினால், விலை கொடுத்து வாங்கும் எந்த ஸ்டேண்டையும்விட உறுதியாக நிற்கும். அழகில்லைதான். குரல் பதிவில் அழகு தெரியாது.

அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புடவை வியாபாரிகள் வேறிடம் தேட வேண்டாம். துணிச் சுருள்கள் அடுக்கிய உங்கள் களஞ்சிய அறையைவிடச் சிறந்த ஒலிப்பதிவு அறை பதுளையில் கிடைப்பது கடினம்; எதிரொலியைத் துணி குடித்துவிடும். வீட்டில் என்றால் உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள். மைக் உங்களை நோக்கியிருப்பதால் உங்கள் முதுகுப் பக்கத்துச் சுவர்தான் அதற்கு நேரெதிர். லயத்தில் இருப்பவர்களுக்கு, பெரியவர்கள் மலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் போன பிறகு வரும் முற்பகல் வேளையே அமைதியான நேரம். ப, ட போன்ற எழுத்துகளில் காற்று அடிப்பதைத் தடுக்க எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டினால் போதும்.

இலத்திரனியல் பொருள் விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. மைக் கேட்டு வருபவரிடம் முதலில் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: எதில் சொருகப் போகிறீர்கள், அறைக்கு என்ன கூரை, பேசவா பாடவா? பெட்டியில் கிடைக்கும் இலாபம் டைனமிக் மைக்கில் கிடைக்காமல் போகலாம். ஆனால் பெட்டியை வாங்கியவர் ஒரு வாரத்தில் திரும்பி வருகிறார், பஸ் கட்டணம் கொடுத்து, ஒரு நாட் பேரை விட்டுவிட்டு. அவர் வெறுங்கையோடு திரும்பிப் போகும் செய்தி லயம் முழுக்கப் போகும், அதற்கு ஒலிபெருக்கி தேவையில்லை. கண்டென்சர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவருக்கு அதையே கொடுங்கள். 48 வோல்ட் வேண்டும் என்பதைப் பற்றுச்சீட்டின் பின்னால் எழுதிக் கொடுங்கள். மூன்று தொடுகையை நான்காக்கும் மாற்றி வயரும், 3/8 அங்குல மரை மாற்றியும் ஒரு போத்தல் நிறைய மேசையில் இருக்கட்டும். இரண்டும் சில்லறைச் சாமான்கள். பலரின் மைக் வீட்டில் சும்மா கிடப்பது அவை இல்லாததால்தான்.