கோடி ரூபாய்ப் பந்தயம்: பணம் யாருடையது?

கைப்பேசியில் ஆடும் ஒரு விளையாட்டுக்கு 2 கோடி ரூபாய் பரிசு!

இது கட்டுக்கதை அல்ல. "பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா" என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு 2023-ம் ஆண்டில் நடந்த அகில இந்தியப் பந்தயத்தின் மொத்தப் பரிசுத்தொகை அது. முதல் இடம் பெற்ற குழுவுக்கு 75 லட்சம் ரூபாய் கிடைத்தது.

பரிசு கொடுத்தது அரசாங்கம் அல்ல. விளையாட்டுச் சங்கமும் அல்ல. அந்த விளையாட்டை வெளியிடும் கிராப்டன் என்ற தென் கொரியக் கம்பெனி.

செஞ்சிக்கு அருகே பனமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் எடுத்த கற்கோவில் அங்கே குன்றின் மேல் நிற்கிறது. அத்தகைய கிராமங்களிலும் இன்று வாலிபர்கள் கையில் கைப்பேசி வந்துவிட்டது. இந்த விளையாட்டுக்கு மைதானம் வேண்டாம், மட்டை வேண்டாம், பட்டணத்துக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டாம். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு குழு. சென்னைப் பையன் ஆடும் அதே ஆட்டத்தைப் பனமலைப் பையனும் ஆடலாம்.

அதனால்தான் ஒரு கேள்வியைப் பனமலையிலும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? எத்தனை நாள் வரும்?

இலவசத்தின் ரகசியம்

விளையாட்டு இலவசம். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் ஆடலாம்.

பிறகு கம்பெனிக்கு வருமானம் ஏது?

ஆட்டத்தில் வரும் வீரனுக்கு விதவிதமான உடை, துப்பாக்கிக்குப் பளபளப்பான வண்ணம் என்று பல அலங்காரங்களைக் கம்பெனி விற்கிறது. கோடிக்கணக்கானவர்கள் ஆடும்போது, அவர்களில் சிலர் வாங்கினாலே போதும். பெட்டி நிரம்பிவிடும்.

ஆட வரும் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் பந்தயம். பரிசுத்தொகை என்பது விளம்பரச் செலவு. சோப்புக் கம்பெனி சுவரில் எழுதுகிறது. விளையாட்டுக் கம்பெனி பரிசு கொடுக்கிறது.

300 கோடி ரூபாய் பரிசு

இந்த வழியை உலகுக்குக் காட்டியது அமெரிக்காவில் உள்ள வால்வ் கம்பெனி. அது 2011-ல், ஜெர்மனியின் கொலோன் நகரில், தன்னுடைய "டோட்டா-2" விளையாட்டுக்குப் பந்தயம் நடத்தியது. பரிசு 16 லட்சம் டாலர். உலகம் வியந்தது.

2013-ல் கம்பெனி ஒரு புதிய யுக்தி செய்தது. ரசிகர்களுக்கு ஒரு மலரை விற்றது. காகித மலர் அல்ல. கணிப்பொறித் திரையில் மட்டும் தெரியும் மலர். விற்ற பணத்தில் கால் பங்கு பரிசுக்கு. முக்கால் பங்கு கம்பெனிக்கு!

ஆண்டுதோறும் பரிசு ஏறியது. 2021-ல் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் நடந்த பந்தயத்தில் 4 கோடி டாலரைத் தொட்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 300 கோடி ரூபாய். வென்ற குழு மட்டும் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 4 கோடியில் கம்பெனி தன் கையிலிருந்து போட்டது 16 லட்சம். மற்றது எல்லாம் ரசிகர்கள் கொடுத்தது. அது கால் பங்கு என்றால், விற்பனை 15 கோடி டாலருக்கு மேல். 11 கோடிக்கு மேல் கம்பெனியிடமே தங்கியது.

பிறகு என்ன ஆயிற்று? 2023-ல் கம்பெனி அந்தப் பெரிய விற்பனையைச் சுருக்கிக்கொண்டது. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பயன்படும் வேலையில் கவனம் செலுத்துவதாகச் சொன்னது. அந்த ஆண்டு பரிசு சுமார் 30 லட்சம் டாலர்தான். இரண்டே ஆண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கரைந்துவிட்டது!

ஆட்டக்காரர்களின் திறமை குறையவில்லை. ரசிகர்களும் ஓடிவிடவில்லை. கம்பெனியின் திட்டம் மாறியது, அவ்வளவுதான்.

பத்து மாத வனவாசம்

இந்தியாவில் நடந்தது இதைவிடப் பெரிய பாடம்.

2020 செப்டம்பரில், சீன எல்லைத் தகராறு முற்றியிருந்த வேளையில், மத்திய அரசு "பப்ஜி மொபைல்" உள்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்ததுதான் கிராப்டனின் இந்தியப் பதிப்பு. அதுவும் 2022 ஜூலையில் அரசு உத்தரவால் இறக்கப்பட்டது. 2023 மே மாதத்தில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

இடைப்பட்ட பத்து மாதம் பெரிய பந்தயங்கள் இல்லை. இதையே தொழிலாக நம்பியிருந்த வாலிபர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

செஞ்சிக் கோட்டை 1677-ல் சிவாஜி கைக்குப் போயிற்று. 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். கோட்டை கை மாறினால் சிப்பாயின் பிழைப்பும் மாறும். கம்பெனியின் விளையாட்டை நம்பியவன் நிலையும் அதுதான்.

சடுகுடு யாருக்குச் சொந்தம்?

பொங்கலுக்குக் கிராமத்தில் சடுகுடுப் போட்டி நடக்கிறது. கடைக்காரர் ஒருவர் கோப்பை கொடுக்கிறார். நோட்டீசில் தன் பெயர் வரவேண்டும் என்பது அவர் ஆசை. அதில் தவறில்லை. அடுத்த ஆண்டு அவர் கொடுக்காவிட்டால் வேறொருவர் கொடுப்பார். சடுகுடு அப்படியே இருக்கும். அதற்குச் சொந்தக்காரன் கிடையாது.

சதுரங்கமும் அப்படியே. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னை வாலிபர் குகேஷ் உலகப் பட்டம் வென்றார். மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். நாளைக்குப் பணம் போடுகிறவர்கள் மாறலாம். 64 கட்டத்தை யாரும் பூட்டிவைக்க முடியாது.

கைப்பேசி விளையாட்டு அப்படி அல்ல. பரிசு கொடுப்பவனும் கம்பெனியே. விதி எழுதுபவனும் கம்பெனியே. கதவைச் சாத்துபவனும் கம்பெனியே!

சட்டம் சொல்வது

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டிப் பணம் பிடிக்கும் சூதாட்டத்தை அது தடுக்கிறது. மீறி நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை. 1 கோடி ரூபாய் வரை அபராதம். திறமையைக் காட்டும் மின் விளையாட்டுப் போட்டிகளை அது அங்கீகரிக்கிறது. நுழைவுக் கட்டணமும் பரிசும் இருக்கலாம்; பந்தயப் பணம் கட்டக் கூடாது.

இது நல்ல ஏற்பாடு. சூதாடிக்கும் ஆட்டக்காரனுக்கும் நடுவே கோடு விழுந்துவிட்டது. ஆனால் ஆட்டக்காரனுக்கும் கம்பெனிக்கும் நடுவே என்ன இருக்கிறது?

பரிசுத்தொகையைச் சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கம்பெனி அறிவிக்கலாம். குழுவில் சேரும் வாலிபனுக்கு எழுத்து மூலம் ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் வேண்டும். விளையாட்டு நின்றால் என்ன நஷ்டஈடு என்பதும் அதில் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்க ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும்.

பெற்றோர் கைப்பேசியைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கணக்கைச் சொல்லிக் காட்ட வேண்டும். இறுதி ஆட்டத்தில் 16 குழு. குழுவுக்கு 4 பேர். ஆக மொத்தம் 64 பேர். நாடு முழுவதும் ஆடுகிறவர்களோ கோடிக்கணக்கில்!

பனமலைப் பையன் ஆடட்டும். ஜெயித்தால் ஊரே கொண்டாடட்டும். ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆட வேண்டாம். பரிசைக் கம்பெனி நிறுத்தலாம்; படித்த படிப்பை எந்தக் கம்பெனியும் நிறுத்த முடியாது.