படுத்த ஆட்டைப் பரிசோதிப்பது நோயறிதல் ஆகாது

கால்நடை மருத்துவ ஆய்வேடுகளில் அடிக்கடி காணக் கிடைக்கும் தொடர் ஒன்று உண்டு: 'மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட சினை ஆடுகள்'. தீவனம் மறுத்து, பற்களை நறநறவெனக் கடித்து, கால் வீங்கி, எழ இயலாமல் படுத்துவிட்ட ஆடுகளே அவை. அவற்றின் இரத்தத்தில் கீட்டோன் மிகுந்திருக்கும் என்பதை நிறுவ இன்னோர் ஆய்வேடு எதற்கு? சினைக்கால நச்சேற்றம் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி அந்நோயின் கடைசி இரண்டு நாள்களைப் பற்றியதாகவே இருக்கிறது. அதற்கு முந்தைய நான்கு வாரங்கள்தாம் நாம் காணத் தவறும் காலம்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். கருவின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களில் கூடுகிறது. இரண்டு மூன்று குட்டிகள் வளரும்போது கருப்பை விரிந்து அசையூண் இரைப்பையை நெருக்குகிறது. தேவை உயரும் வேளையில் உண்ணும் அளவு குறைகிறது. அசைபோடும் விலங்கு உணவிலிருந்து நேரடியாகப் பெறும் குளுக்கோஸ் மிகச் சொற்பம். இரைப்பையில் உண்டாகும் புரோப்பியானிக் அமிலத்திலிருந்து கல்லீரல்தான் அதைத் தயாரிக்க வேண்டும். அது போதாதபோது உடற்கொழுப்பு கரைகிறது, கீட்டோன்கள் பெருகுகின்றன. மெலிந்த ஆட்டுக்கு மட்டுமே இந்த ஆபத்து என்று கருதுவோர் பலர். கொழுத்த ஆட்டுக்கும் இதே கதி நேரும்.

படுக்கும் முன்பே இதைக் கண்டறியும் வழிகளில் சிறுநீரில் செய்யும் ரோத்தெரா சோதனை நூறாண்டுப் பழமை உடையது, மலிவானது. படுத்திருக்கும் ஆட்டை மெல்ல எழுப்பினால் பெரும்பாலும் அது சிறுநீர் கழிக்கும், ஆகவே மாதிரி எடுப்பதும் கடினமன்று. ஆனால் அச்சோதனை காட்டுவது அசிட்டோஅசிட்டேட்டை. இரத்தத்தில் மிகுந்திருக்கும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் அதில் சிக்காது. நீரிழிவு நோயாளிகளுக்காக உருவான கையடக்கக் கீட்டோன் மீட்டர், காது நரம்பிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தில் சில நொடிகளில் அதை அளந்துவிடும். லிட்டருக்கு 0.8 மில்லிமோலைத் தாண்டினால் எச்சரிக்கை, 3-ஐத் தாண்டினால் நோய் என்பது பரவலாக வழங்கும் வரம்பு. தீவனம் தின்ற பின் இவ்வளவு சற்று உயரும் என்பதால் நாள்தோறும் ஒரே நேரத்தில் அளப்பது முக்கியம். குளுக்கோஸை மட்டும் அளந்து நிம்மதி அடைபவர்களுக்கு ஒரு சொல்: கருவிலேயே குட்டி இறந்துவிட்டால் குளுக்கோஸ் குறைவதற்குப் பதிலாக உயரவும் கூடும்.

இவ்வரம்புகள் பெரிதும் குளிர்நாட்டுச் செம்மறிகளையும் சானென் போன்ற கறவை இனங்களையும் கொண்டு வகுக்கப்பட்டவை. முள்மர இலையை மேய்ந்து இரட்டைக் குட்டி ஈனும் நம் உஸ்மானாபாதிக்கு அவை பொருந்துமா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. அதற்கு விடை கிடைக்கும்வரை அளக்காமலே இருப்போம் என்பது நியாயமன்று. ஒரே ஆட்டில் வாரந்தோறும் எடுக்கப்படும் அளவு ஏறுகிறதா என்று பார்க்க, பிறர் வகுத்த வரம்பு தேவைப்படாது.

செகந்திராபாத்திலிருந்து ஷாமிர்பேட்டை வழியாகச் சித்திப்பேட்டை செல்லும் சாலையோர ஊர்களை எண்ணிப் பாருங்கள். நவம்பரில் சினைப்பட்ட ஆடு ஏப்ரலில் ஈனும். அதன் கடைசி ஆறு வாரங்கள் மேய்ச்சல் நிலம் காய்ந்து கிடக்கும் மார்ச், ஏப்ரல் வெயிலோடு சரியாகப் பொருந்திவிடுகின்றன. பத்து ஆடு வைத்திருப்பவருக்கு ஒரு சினை ஆடு சாவது மூன்று உயிர் இழப்பு. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அழைப்பதோ ஆடு படுத்த பிறகுதான். அதற்குள் வெல்லக் கரைசலும் புகட்டியிருப்பார்கள். (அவ்வெல்லத்தின் பெரும்பகுதி இரைப்பையில் நொதித்துவிடும், குளுக்கோஸாக இரத்தத்தைச் சேராது. இதற்காக ஆட்டுக்காரரை ஏளனம் செய்யும் நாம் புரோப்பிலீன் கிளைக்காலை அவருக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறோமா?)

ஒவ்வோர் ஆட்டையும் சோதிக்கச் சொல்லவில்லை. ஒரே மேய்ச்சல் நிலத்தை நம்பும் ஊர் ஆடுகள் அனைத்தையும் ஒரு மந்தையாகக் கொண்டு, நிறைசினையாக உள்ள பத்துப் பன்னிரண்டை மட்டும் அளந்தாலே அவ்வூரின் தீவன நிலை தெரிந்துவிடும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடச் செல்லும் குழு ஊருக்குள் நுழையும் நாளில், ஒரு மீட்டரும் ஒரு பெட்டிப் பட்டைகளும் கூடுதல் சுமையாகா. முதுகெலும்பைத் தடவி உடற்கட்டை மதிப்பிடுவதற்கு அதுவும் வேண்டாம். எடை சரிந்த ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரமும் நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் அடர்தீவனத்தைப் படிப்படியாகப் பழக்கினால் போதும்.

இதை ஆய்வாக்குவதில்தான் சிக்கல். இணைசேர்ந்த நாளைக் குறித்துக்கொண்டு, நூறாம் நாள் முதல் ஈனும்வரை ஊரிலேயே பின்தொடர வேண்டும். அப்படிச் செய்யும் மாணவர் ஏறும் அளவைக் கண்டு தீவனத்தைத் திருத்தச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் நோயுற்ற ஆடுகளின் எண்ணிக்கை குறையும், அட்டவணை வெறுமையாகும், 'முடிவு எங்கே?' என்று ஆய்வுக்குழு கேட்கும். மருத்துவமனைக்கு வரும் ஆடுகளையே நாம் மீண்டும் மீண்டும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு. இவ்வகைக் களத்திட்டத்தை ஏற்ற துறை எதுவேனும் உங்களுக்குத் தெரிந்தால், பின்னூட்டத்தில் எழுதுங்கள்.