காற்புள்ளி பெற்றெடுத்த மனிதர்



இத்தாலியின் தென்மேற்குக் கரையில், சலேர்னோ வளைகுடாவை ஒட்டி அமால்ஃபி என்னும் சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 5,000. அவ்வூர்த் துறைமுகத்தருகே ஒரு சதுக்கத்தில் ஃபிளாவியோ ஜோயா என்பவரின் சிலை நிற்கிறது. மாலுமிகளுக்குக் காந்தத் திசைகாட்டியைக் கண்டுபிடித்துத் தந்தவர் என்று அவரைப் போற்றுவர். நிலவின் வடமுனைக்கு அருகிலுள்ள ஒரு பள்ளத்திற்கும் அவர் பெயரே வழங்குகிறது. இத்துணைப் பெருமை பெற்ற அவரிடம் ஒரேயொரு குறை உண்டு. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்பதுதான் வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு.

பிறவாதவருக்குப் பெயரும் ஊரும் வந்த கதையை நிறுத்தக்குறி கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

15ஆம் நூற்றாண்டில் ஃபிளாவியோ பியோந்தோ என்னும் வரலாற்றாசிரியர் இருந்தார். கடற்பயணத்தில் காந்தத்தைப் பயன்படுத்தும் முறையைக் கண்டவர்கள் அமால்ஃபி மக்கள் என்று சொல்லப்படுவதை அவர் தம் நூலில் குறித்துவைத்தார். 1511இல் ஜியாம்பாத்திஸ்தா பியோ என்னும் அறிஞர் அச்செய்தியை இலத்தீனில் எடுத்தெழுதி, சொன்னவர் ஃபிளாவியோ என்று சான்றும் காட்டினார். அவ்வாக்கியத்தின் இறுதிப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் இப்படி வரும்: கண்டறியப்பட்டது, ஃபிளாவியோவால் சொல்லப்படுகிறது. காற்புள்ளியை ஒரு சொல் தள்ளிப் போடுங்கள்: கண்டறியப்பட்டது ஃபிளாவியோவால், சொல்லப்படுகிறது. செய்தி சொன்னவர் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட்டார்! 1540இல் ஜிரால்தி என்னும் மற்றோர் அறிஞர் இப்படித்தான் பொருள் கொண்டார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் நேப்பிள்சைச் சேர்ந்த மாட்செல்லா, அந்த ஃபிளாவியோ 'ஜோயா' என்னும் ஊரினர் என்று சேர்த்தெழுதினார். பிறகு காலமும் குறிக்கப்பட்டது. 1300ஐ ஒட்டி வாழ்ந்தாராம். ஆனால் ஆங்கிலேயரான அலெக்சாண்டர் நெக்கம் 1190ஐ ஒட்டியே மாலுமிகளின் காந்த ஊசியைப் பற்றி எழுதியிருக்கிறார். சீனத்தின் ஷென் குவோ 1088இலேயே காந்த ஊசியை விவரித்துவிட்டார்.

நம் ஏட்டுச்சுவடிகளில் காற்புள்ளி கிடையாது. அச்சுக்கலையோடு நம்மிடம் வந்து சேர்ந்த குறி அது. அதனால்தானோ என்னவோ, மாணவர்கள் அதைக் கட்டுரையின் மேல் தூவும் உப்பாகவே நினைக்கிறார்கள்.

நிற்க. பொய்ப் பெயரைக் காட்டிலும் எனக்கு வருத்தம் தருவது, அப்பெயர் மறைத்துவிடும் உண்மைதான். அமால்ஃபியின் பெருமைக்கு ஃபிளாவியோ தேவையே இல்லை. முதுகில் செங்குத்தான மலை, காலடியில் கடல், உழுவதற்கு நிலம் இல்லை. அம்மக்களுக்குக் கடலே வயலாயிற்று. 839இல் தன்னாட்சி பெற்ற அவ்வூர், வெனிஸ், பைசா, ஜெனோவா ஆகிய நகரங்களோடு சேர்த்து எண்ணப்படும் கடல்வணிகக் குடியரசாக வளர்ந்தது. எகிப்தோடும் கான்ஸ்தாந்திநோப்பிளோடும் வணிகம் நடத்தியது. 1060ஐ ஒட்டிக் கான்ஸ்தாந்திநோப்பிளில் வார்க்கப்பட்ட வெண்கலக் கதவுகள் அவ்வூர்ப் பேராலயத்தில் இன்றும் உள்ளன. அமால்ஃபியின் பெயரால் வழங்கிய கடற்சட்டத் தொகுப்பு பல நூற்றாண்டுகள் மதிக்கப்பட்டது. காந்த ஊசியைப் பெட்டிக்குள் பொருத்தித் திசை வட்டத்தோடு இணைத்தவர்கள் அவ்வூர் மாலுமிகளாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. அப்படியானால் அது பல கைகள், பல பயணங்களில் சிறுகச் சிறுகச் செய்த திருத்தம். அதற்குச் சிலை வைப்பது கடினம்.

1135இலும் 1137இலும் பைசா நகரத்தார் அமால்ஃபியைச் சூறையாடினர். 1343 நவம்பரில் எழுந்த பெரும்புயலில் கரையோரப் பகுதி கடலுக்குள் சரிந்தது. அப்போது நேப்பிள்சில் இருந்த கவிஞர் பெத்ரார்க்கா அப்புயலைப் பற்றிக் கடிதமே எழுதினார். ஆனாலும் ஊர் அழியவில்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடையின் விசையால் ஆலைகளை இயக்கிக் கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்தார்கள். அரபு நாடுகளோடு கொண்ட தொடர்பால் அக்கலை அங்கு வந்தது என்பர். காகிதம் நிலைக்காது என்று அஞ்சிய பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1231இல் அரசு ஆவணங்களை அதில் எழுதக் கூடாது என்றே சட்டம் செய்தார். அக்காகிதமோ அவருடைய அரசையும் கடந்து நின்றது. 1954 வெள்ளம் ஆலைகள் பலவற்றை அடித்துச் சென்றது. பழைய ஆலை ஒன்று இப்போது காகித அருங்காட்சியகமாக இருக்கிறது.

எலுமிச்சையைச் சொல்லாமல் விட முடியுமா? சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி மலைச்சரிவைப் படிப்படியாக்கி, ஒவ்வொரு படியிலும் மரம் வளர்த்தார்கள். நீண்டு கூம்பிய அப்பழத்துக்கு 2001இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. அக்காலத்தில் பழக்கூடைகளை முதுகில் ஏற்றி, நூற்றுக்கணக்கான படிகள் இறங்கிக் கரை சேர்த்தவர்கள் பெண்கள். சுமை 50 கிலோவைத் தாண்டுமாம். வரிசையாக இறங்கும் அவர்களை ஊரார் 'சிற்றெறும்புகள்' என்று அழைத்தார்கள். இவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

புதிர்ப்போட்டிகளுக்காகப் பெற்றோர் வாங்கித்தரும் பொது அறிவு நூல்களில் 'கண்டுபிடித்தவர் யார்?' என்னும் வினாக்களே மிகுதி. 'யார்?' என்று கேட்டால் ஒரு பெயர் வந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை உண்டாக்கவேண்டும். ஃபிளாவியோ ஜோயா இந்தப் பசிக்குப் பிறந்த பிள்ளை. அவ்வூருக்கு ஏன் கடலே கதியாயிற்று, காகிதம் ஏன் அங்கே வந்தது, கூடையைச் சுமந்தவர் யாவர் என்று கேட்டால் மாணவன் ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. மதிப்பெண் இடுவதும் நமக்குத் தொல்லைதான். இருந்தும் கேட்கத்தான் வேண்டும்.

சிலையை அகற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது நிற்கட்டும், அதன் கதையையும் சேர்த்துச் சொல்வோம். பொய்யென்று தெரிந்ததும் அப்பெயரைப் பாடத்திலிருந்து நீக்கிவிட்டால், பொய் எப்படிப் பிறந்தது என்று கற்பிக்கும் நல்வாய்ப்பும் போய்விடும்.

அடுத்த வாரம் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நிறுத்தக்குறிப் பாடம். அந்த மூன்று சொற்களை வெண்பலகையில் எழுதி, காற்புள்ளியை அவர்களையே இடச் சொல்லப்போகிறேன்.