பட்டா இல்லாத மலை

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று பேரனிடம் கேட்டேன். "ரைடர்ஸ் ரிபப்ளிக் வாங்கித் தா தாத்தா" என்றான். ஏதோ புதுக் கட்சி போலிருக்கிறதே என்று நினைத்தேன். வீடியோ கேமாம்.

டிஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடியில் அன்னசி என்று ஓர் ஊர். அங்கிருக்கும் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பிரிவு 2021இல் வெளியிட்டது இது. அமெரிக்காவின் யோசெமிட்டி, சயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் டீட்டன் என்று பல மலைப் பகுதிகளை ஒட்டுப்போட்டு ஒரே நாடாக்கியிருக்கிறார்கள். அதில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சைக்கிள் உண்டு, பனிச்சறுக்கு உண்டு, இறக்கை வைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து குதிப்பதும் உண்டு. ஒரு பந்தயத்தில் எங்கெங்கோ இருக்கும் 64 பேர் ஒரே சரிவில் முட்டி மோதிக்கொண்டு இறங்குகிறார்கள். விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். காலம் பின்னால் ஓடி, விழுவதற்கு முந்தைய இடத்தில் நிறுத்திவிடுகிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் பார்க்க அம்பத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போனவன் நான். எனக்குப் பிடிக்காமல் போகுமா?

போன வாரம் தெருவில் பள்ளம் தோண்டியதில் இணைய வயர் அறுந்தது. கேம் உள்ளேயே போக முடியவில்லை.

"மத்தவங்களோடதானே ஆட முடியாது? தனியா ஓட்டேன்டா."

"தனியா ஓட்டவும் அவங்க சர்வர் வேணும் தாத்தா."

"அவங்க சர்வரை நிறுத்திட்டா?"

"அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' எனக்கு உறுத்தியது. விசாரித்தால், ஏற்கெனவே நடந்திருக்கிறது. இதே நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் டிஸ்க் இருக்கிறது, விளையாட்டு இல்லை.

வெள்ளானூரில் மனை வாங்கிய நமக்கு இது புரியாதா? பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று எத்தனை நாள் அலைந்தோம்! பட்டா கைக்கு வந்த பிறகுதானே நிம்மதியாகத் தூங்கினோம். பேரனுக்கு நான் வாங்கிக் கொடுத்த மலைக்குப் பட்டா கிடையாது. கொடுத்தது விலை, கிடைத்தது குத்தகை. அதுவும் எத்தனை வருஷக் குத்தகை என்று எழுதாத குத்தகை. எங்கள் வீட்டுப் பரணில் என் அப்பா வாங்கிய கேரம் போர்டு இருக்கிறது. பவுடர் போட்டுத் துடைத்தால் இன்றைக்கும் ஆடலாம். அதைச் செய்த கடை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

காலாகாலத்துக்கும் சர்வரை ஓட்ட முடியுமா என்று நிறுவனம் கேட்கும். நியாயம்தான், கரண்ட் பில் யார் கட்டுவது? ஆனால் கூட்டத்தோடு ஆடத்தான் சர்வர் வேண்டும். தனியாக ஒரு பையன் சரிவில் சைக்கிள் விடுவதற்கு எதற்கு? எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அடுத்த பாகமான 'தி க்ரூ 2'க்கு இணையம் இல்லாமல் ஆடும் வழியை இவர்களே செய்து கொடுத்தார்கள். ஆக, மனசு வைத்தால் முடிகிறது. ஐரோப்பாவில் இதற்காகப் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம்: கொடுப்பது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், இப்படிப்பட்ட டிஜிட்டல் சரக்குக்கு 'வாங்கு' என்று பொத்தான் வைக்கக் கூடாது. இங்கே மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி பார்த்து வாங்குகிறோம். இத்தனை வருஷமாவது ஓடும் என்று விளையாட்டு டப்பாவிலும் ஒரு தேதி போடட்டுமே. ஓய்வூதியத்தில் வாங்கித் தருகிறவன் கேட்கக் கூடாத கேள்வியா இது?

வயர் மூன்றாம் நாள் சரியானது. பேரன் எதுவும் நடக்காதது போல மலையேறிவிட்டான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். இணையம் கட்டாயம் என்று பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. எதுவரை என்றுதான் போடவில்லை.