படகு வாங்கினால் மட்டும் போதாது

2008 நவம்பர் 26 இரவு மும்பை கொலாபா கரையில் ரப்பர் படகிலிருந்து இறங்கிய அந்நிய இளைஞர்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள், அங்கே குடியிருந்த மீனவ மக்கள். கடலில் அந்த இளைஞர்களை யாரும் மறிக்கவில்லை. அடுத்த மூன்று நாட்களில் அவர்கள் நடத்திய தாக்குதலில் 166 உயிர்கள் பறிபோயின.

அதற்கு மூன்றாண்டு முன்பே, 2005-இல், கடலோரப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிவிட்டது. முதல் கட்டத்தில் நாடு முழுவதற்கும் 73 கடலோரக் காவல் நிலையங்கள், 204 ரோந்துப் படகுகள். படகுக்கான பணத்தை மத்திய அரசு தந்தது. எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஐந்தாண்டு உதவி. ஆட்களை மாநிலங்கள் தர வேண்டும்.

ஐந்தாண்டு முடிந்த பிறகு?

சிக்கல் அங்கேதான். 12 டன் படகு அலையில் பாய்ந்து செல்ல டீசலைக் குடிக்கும். ஓடாமல் ஜெட்டியில் கட்டிக்கிடந்தாலோ உப்புக்காற்று அதன் எஞ்சினைத் தின்றுவிடும். தரையில் பயிற்சி பெற்ற காவலரால் கடலின் நீரோட்டத்தையும் பாறைத் திட்டுகளையும் ஒரு மாதத்தில் கற்றுவிட முடியாது. தலைமுறைகளாக அதை அறிந்த மீனவ இளைஞர்களை நிரந்தரப் பணியில் சேர்ப்பதே முறை. டீசல், உதிரிப்பாகம், படகோட்டிகளின் சம்பளம் மூன்றுக்கும் மாநில பட்ஜெட்டில் தனித்தலைப்பு வேண்டும். சட்டமன்றத்தில் எத்தனை படகு வாங்கினீர்கள் என்று கேட்கும் உறுப்பினர்கள், போன மாதம் ஒவ்வொரு படகும் எத்தனை மணி நேரம் கடலில் இருந்தது என்றும் கேட்க வேண்டும். குறிப்பாக, இரவில்.