கம்ப்யூட்டர் முகமூடியில் வாடகைக் கொள்ளை!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து அயனம்பாக்கம் திரும்பும் தொழிலாளி, சம்பளம் வந்ததும் முதலில் எடுத்து வைப்பது வீட்டு வாடகையைத்தான். அரிசியும் பள்ளிக்கூடச் செலவும் அப்புறம். அந்த வாடகையை நிர்ணயிப்பது யார்? வீட்டுக்காரரா, புரோக்கரா, சட்டமா? நாளை ஒரு மென்பொருள் நிர்ணயிக்கும் என்றால்?

கற்பனையல்ல, அமெரிக்காவில் நடந்த விஷயம். டெக்ஸாஸ் மாகாணத்து ரியல்பேஜ் கம்பெனி, அடுக்குமாடி முதலாளிகளுக்கு ஒரு மென்பொருளை விற்றது. எத்தனை வீடு காலி, உண்மையில் எவ்வளவு வசூல், எப்போது ஒப்பந்தம் முடிகிறது என்ற ரகசியக் கணக்கையெல்லாம் முதலாளி அதில் கொட்டுவார். அவருடைய போட்டியாளரும் கொட்டுவார். இரண்டையும் கலந்து, இந்த வீட்டுக்கு இன்று இவ்வளவு கேள் என்று இருவருக்கும் அது யோசனை சொல்லும்.

நாலு வீட்டுக்காரர்கள் டீக்கடையில் கூடி, பத்தாயிரத்துக்குக் கீழே யாரும் விடக்கூடாது என்று பேசிக்கொண்டால் அது கூட்டுச்சதி. அதையே கம்ப்யூட்டர் மூலம் செய்தால் விஞ்ஞானமாம்! போட்டி, போட்டி என்று ஓயாமல் கூப்பாடு போடுகிறவர்கள் இவர்கள்தான். ஒருவரோடொருவர் மோதுவதைவிட எல்லோரும் சேர்ந்து செழிப்பதே மேல் என்ற தோரணையில் அந்தக் கம்பெனி அதிகாரி ஒருவரே பேசியதை, 2024 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்த அமெரிக்க நீதி இலாகா தன் மனுவில் எடுத்துக் காட்டியது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இதனால் குடியிருப்போர் தலையில் விழுந்த சுமை 380 கோடி டாலருக்குக் குறையாது என்று வெள்ளை மாளிகைப் பொருளாதார நிபுணர்களே மதிப்பிட்டார்கள்.

ஜனங்கள் கொதித்தார்கள். 2024ல் சான்பிரான்சிஸ்கோ நகரம் முதலில் தடை போட்டது. பிலடெல்பியா, மினியாபோலிஸ் பின்தொடர்ந்தன. 2025 அக்டோபரில் நியூயார்க் மாகாணமே சட்டம் செய்தது. பெர்க்லி நகரம் தடை கொண்டுவந்தபோது கம்பெனி கோர்ட்டுக்கு ஓடியது. என்ன வாதம் தெரியுமா? வாடகை யோசனை சொல்வது பேச்சுச் சுதந்திரமாம்! குடியிருப்பவன் வாயை அடைக்கிறவர்களுக்குச் சுதந்திரத்தின் மேல் என்ன கரிசனம் பாருங்கள்!

வீடு பற்றாக்குறைதானே காரணம் என்பார்கள். பற்றாக்குறை உண்டு, வீடு கட்டத்தான் வேண்டும். ஆனால் பஞ்ச காலத்தில் அரிசி பதுக்கியவனும் விளைச்சல் குறைவைத்தான் காரணம் காட்டினான்.

அயனம்பாக்கத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் காலம் தள்ளும் ரிட்டயர் ஆன தொழிலாளியோடு நமக்குச் சண்டையில்லை. அவருக்கு இந்த மென்பொருளும் தேவையில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான படுக்கைகளை ஒரே நிர்வாகத்தில் வைத்து வாடகைக்கு விடும் கம்பெனிகள் சென்னைக்கு வந்துவிட்டன. பேட்டை வாரியாக வாடகை நிலவரம் சொல்லும் இணையதளங்களும் வந்துவிட்டன. அவை காட்டுவது விளம்பர வாடகை. ரகசியக் கணக்கும் அதோடு சேர எத்தனை நாளாகும்?

அப்படிச் சேர்ந்தால் தடுக்க நம் கையில் என்ன இருக்கிறது? 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்ற ஒன்று இருந்தது. குடியிருப்பு வீட்டுக்கு அதன் மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கணக்கிட்டு, கண்ட்ரோலர் வாடகையை நிர்ணயிப்பார். ஓட்டைகள் ஏராளம், வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்தன. என்றாலும் கேட்க ஓர் இடம் இருந்தது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. இப்போது இரு தரப்பும் ஒப்புக்கொண்டதே வாடகை! அட்வான்ஸ் மூன்று மாதம் என்று எழுதிவிட்டு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்று ஒரு வாலையும் ஒட்டினார்கள். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் நடமாடுகிறது.

2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது. அயனம்பாக்கம் பிட்டர் ஒருவர் லீவு போட்டுவிட்டு டில்லி கமிஷன் முன்னால் போய் நிற்பாரா?

சட்டசபை செய்ய வேண்டியது இது: வீட்டுக்காரர்களின் ரகசியக் கணக்கைத் திரட்டி வாடகை நிர்ணயிக்கும் எந்த மென்பொருளையும் வாடகைச் சட்டத்திலேயே தடை செய்க! விற்கும் கம்பெனியையும் வாங்கும் முதலாளியையும் சேர்த்துத் தண்டிக்க வழி செய்க! நியாய வாடகையைத் திரும்பக் கொண்டு வருக! மூன்று மாத அட்வான்ஸுக்கு ஒட்டிய வாலை வெட்டுக!